மிலோஸ் தீவின் கடலோர ஊர்களும் கடற்கரைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேக்கத்தில் எத்தனையோ தீவுகள் இருக்க, கடற்கரைப் பயணத்துக்கு மிலோஸைத் தேர்ந்தெடுப்பது ஏன்?

ஏஜியன் கடலிலுள்ள சைக்ளடீஸ் தீவுக்கூட்டத்தின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கும் எரிமலைத் தீவு மிலோஸ். பரப்பளவு சுமார் 150 சதுர கிலோமீட்டர். நிலையாக வாழ்பவர்கள் ஏறத்தாழ 5,000 பேர். வரைபடத்தில் அது குதிரை லாடத்தின் வடிவில் தெரியும். தீவின் நடுவே நிலம் தாழ்ந்து கடல் உட்புகுந்ததால், மிகப் பெரிய இயற்கைத் துறைமுகம் ஒன்று உருவாகியிருக்கிறது.

இந்தத் தீவின் கடற்கரைகள் ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பதில்லை. அதற்கும் எரிமலையே காரணம். ஓரிடத்தில் சாம்பல் படிந்து இறுகிய வெண்பாறை, மற்றோரிடத்தில் இரும்பு கலந்த செம்பாறை, வேறோரிடத்தில் கந்தகத்தின் மஞ்சள் என்று சில கிலோமீட்டர் தூரத்துக்குள் நிலத்தின் நிறமே மாறிவிடுகிறது. கற்காலத்தில் எரிமலைக் கண்ணாடியும், பின்னர் கந்தகமும், இன்று பெண்டோனைட், பெர்லைட் போன்ற கனிமங்களும் இங்கிருந்து எடுக்கப்பட்டு வந்திருக்கின்றன. ஆகவே இது சுற்றுலாவை மட்டும் நம்பிப் பிழைத்த தீவு அன்று. மீன்பிடிப்பும் சுரங்க வேலையும் வளர்த்த ஊர்கள் இன்னமும் அந்தத் தடயங்களோடு இருப்பதுதான் என்னைப் பொறுத்தவரை மிலோஸின் முதன்மையான ஈர்ப்பு.

அங்கே எப்படிச் செல்வது?

ஏதென்ஸை அடுத்துள்ள பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கப்பலில் செல்வதே வழக்கம். விரைவுக் கப்பல்கள் ஏறக்குறைய 3 முதல் 5 மணி நேரத்தில் சேரும். வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் பெரிய கப்பல்களுக்கு 5 முதல் 7 மணி நேரம் ஆகலாம். விரைவுக் கப்பல்கள் பலவற்றில் இருக்கையை விட்டு எழுந்து மேல்தளத்துக்குச் செல்ல இயலாது. கடல் குமுறும் நாளில் குமட்டலும் கூடுதலாக இருக்கும். நேரம் இருப்பவர்களுக்குப் பெரிய கப்பலைத்தான் பரிந்துரைப்பேன். அதன் மேல்தளத்தில் நின்றபடி தீவுகள் ஒவ்வொன்றாக நெருங்கி விலகுவதைக் காணலாம். அலைக்கும் அது எளிதில் ஆடாது. ஏதென்ஸிலிருந்து சிறிய விமானங்களும் உண்டு, ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணம். இருக்கைகள் குறைவு என்பதால் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

எந்த மாதங்கள் ஏற்றவை?

மே இறுதி முதல் ஜூன் வரையும், செப்டம்பர் முதல் அக்டோபர் தொடக்கம் வரையும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் கூட்டம், விலை, வெயில், காற்று நான்கும் உச்சத்தில் இருக்கும். கடல்நீர் நிலத்தைவிட மெதுவாகச் சூடேறி மெதுவாகவே ஆறுவதால், மே மாதத்தில் வெயில் இதமாக இருந்தாலும் நீர் சில்லென்றிருக்கும். செப்டம்பரில் வெயில் தணிந்த பிறகும் நீரில் வெதுவெதுப்பு நிற்கும். நீந்துவதே நோக்கம் என்றால் செப்டம்பரும், குன்றுகளில் காட்டுப்பூக்களைக் கண்டபடி நடப்பதே நோக்கம் என்றால் மே மாதமும் சிறந்தவை. குளிர்காலத்தில் பல உணவகங்களும் விடுதிகளும் மூடப்பட்டுவிடும்.

காற்றைப் பார்த்துத்தான் கடற்கரைக்குப் போக வேண்டும் என்கிறார்களே, அது அவ்வளவு முக்கியமா?

மிகவும் முக்கியம். மிலோஸில் வேறு எந்தத் தகவலை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

கோடையில் ஏஜியன் கடல் முழுவதும் வடக்கிலிருந்து ஒரு காற்று வீசும். அதன் பெயர் மெல்தேமி. தமிழில் வடகாற்றை வாடை என்கிறோம். நம் வாடை பனிக்காலத்தோடு வருவது, மெல்தேமியோ சுட்டெரிக்கும் கோடையில், மேகமே இல்லாத நீல வானத்தின் கீழ் வீசுவது. பால்கன் பகுதியின் மேல் நிலவும் உயர் காற்றழுத்தத்துக்கும் துருக்கியை ஒட்டிய தாழ்வழுத்தத்துக்கும் இடையிலான வேறுபாட்டால் இது உண்டாகிறது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் நாட்கணக்கில் ஓயாமல் வீசக்கூடியது. வானம் தெளிவாக இருப்பதைக் கண்டு கடலும் அமைதியாக இருக்கும் என்று புதிதாக வருபவர்கள் நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கை ஆபத்தானது.

இதற்கான ஏற்பாடு எளியது. வடகாற்று வீசும் நாளில் தெற்குக் கரைக்குச் செல்லுங்கள்: ஃபிரிபிளாக்கா, ப்ரொவாத்தாஸ், அகியா கிரியாக்கி, பலியோஹோரி ஆகிய கடற்கரைகளுக்குப் பின்னால் தீவின் குன்றுகளே சுவராக நிற்பதால், வடகரையில் அலை பாறையில் மோதிச் சிதறும் நேரத்தில்கூட இங்கே நீர் பெரும்பாலும் அடங்கியிருக்கும். தென்காற்று வீசும் நாளில் வடக்குக்குத் திரும்புங்கள். காற்றே இல்லாத நாள் வாய்த்தால், அதை வடகரையின் வெண்பாறைக் கடற்கரையான சரக்கினிக்கோவுக்கும் படகுப் பயணத்துக்கும் ஒதுக்குங்கள். ஆகவே திங்கட்கிழமை இந்தக் கடற்கரை, செவ்வாய்க்கிழமை அந்தக் கடற்கரை என்று வீட்டிலிருந்தே அட்டவணை போட்டுவருவதில் பயனில்லை. காலையில் எழுந்ததும் காற்று முன்னறிவிப்பைப் பாருங்கள், அல்லது விடுதிக்காரரைக் கேளுங்கள். அங்குள்ளவர்கள் காற்றின் வேகத்தை, 0 முதல் 12 வரை செல்லும் போஃபோர்ட் அளவுகோலின் எண்ணில் சொல்வார்கள். எண் 5 அல்லது 6 என்றால், வடகரையில் நீந்தும் எண்ணத்தைக் கைவிடலாம்.

கிளிமாவில் கடலை ஒட்டி வண்ணக் கதவுகளோடு நிற்பவை வீடுகளா, கடைகளா?

அவை படகுக்கொட்டில்கள். உள்ளூரில் அவற்றை ‘சிர்மாத்தா’ என்பார்கள், ஒருமையில் ‘சிர்மா’. இழுப்பது என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்த பெயர். குளிர்காலப் புயல்களிலிருந்து காக்கப் படகை நீரிலிருந்து இழுத்து உள்ளே ஏற்றுவதற்காகக் கட்டப்பட்டவை. கிளிமாவில் இவை பெரும்பாலும் இரண்டடுக்கு: கீழே படகும் வலையும், மேலே மீனவக் குடும்பம் தங்கும் அறையும். மந்திராக்கியா, ஃபிரோபொத்தமோஸ் போன்ற இடங்களில் மென்மையான எரிமலைப் பாறையையே குடைந்து உள்ளறையாக்கி, முன்பக்கத்தில் மட்டும் சுவரும் கதவும் வைத்திருக்கிறார்கள்.

கடலுக்கு இத்தனை அருகில் எப்படிக் கட்ட முடிந்தது என்ற வியப்பு நமக்கு எழுவது இயல்பு. மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியில் ஏற்றவற்றம் மிகக் குறைவு. நீர்மட்டம் நாள்முழுதும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். அதனால்தான் வாசற்படிக்கும் அலைக்கும் இடையே ஓர் ஆள் நடக்கும் அளவே இடம்விட்டுக் கட்ட முடிந்திருக்கிறது. அப்படியும், மேற்கிலிருந்து காற்று அடித்தால் அலை அந்த நடைபாதையைத் தாண்டிக் கதவை நனைத்துவிடும். கடலிலிருந்து திரும்பும் மீனவர் தம் கொட்டிலைத் தொலைவிலேயே அடையாளம் காண ஒவ்வொரு கதவுக்கும் ஒவ்வொரு வண்ணம் பூசினார்கள் என்று சொல்வதுண்டு.

இந்தக் கொட்டில்கள் இன்றும் குடும்பங்களின் உடைமைகள். சில வாடகை அறைகளாக மாறிவிட்டன. மற்றவற்றில் கோடை மாலைகளில் பெரியவர்கள் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பார்கள். நடைபாதை பொதுவானதுதான், ஆனால் அது அவர்களுடைய வாசலும் ஆகும். அவர்களின் படிக்கட்டில் ஏறி நின்று படம் எடுப்பதும், திறந்த கதவுக்குள் எட்டிப் பார்ப்பதும், காயப்போட்ட வலையை நகர்த்துவதும் நம் ஊர்த் திண்ணையில் முன்பின் அறியாதவர் வந்து செய்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான். ஒரு ‘கலிமேரா’ சொல்லுங்கள். அது காலை வணக்கம். மாலையில் ‘கலிஸ்பேரா’. பெரும்பாலும் புன்னகையோடு பதில் வரும். ஊரை மேலிருந்து முழுமையாகக் காண, மேலேயுள்ள திரிபித்தி என்ற ஊரிலிருந்து இறங்கும் சாலையே நல்ல இடம். கிளிமா மேற்கு நோக்கிய ஊர் என்பதால், சூரியன் மறைவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு போனால் கதவுகளின் வண்ணங்கள் மிகத் துலக்கமாகத் தெரியும்.

வேறு எந்தக் கடலோர ஊர்களைப் பார்க்க வேண்டும்?

மந்திராக்கியா மிகச் சிறியது. குடாவின் நடுவே ஒரு மேட்டில் வெண்ணிறத் தேவாலயம், அதைச் சுற்றிப் படகுக்கொட்டில்கள், நீரில் சில படகுகள், கரையில் ஓர் உணவகம். வெயிலில் உலரக் கொடியில் தொங்கும் கணவாய் இனத்து எண்காலியை இங்கே காணலாம். அரை மணி நேரத்தில் சுற்றிவிடக்கூடிய ஊர்தான் என்றாலும், நான் ஒரே ஓர் ஊரைச் சொல்ல வேண்டுமானால் கிளிமாவுக்கு முன் இதைச் சொல்வேன்.

ஃபிரோபொத்தமோஸில் ஊரும் கடற்கரையும் சேர்ந்தே அமைந்திருக்கின்றன. குடா உள்வாங்கி இருப்பதால் நீர் அமைதியானது, நிழலுக்கு மரங்களும் உண்டு. வடகிழக்கு முனையிலுள்ள பொல்லோனியா குடும்பங்களுக்கு உகந்த ஊர். வளைந்த மணற்கரை, உப்புக்காற்றைத் தாங்கி வளரும் தாமரிஸ்க் மரங்களின் நிழல், கரையோரமாக வரிசையாய் உணவகங்கள், ஆழமில்லாத நீர். அடமாஸ் துறைமுக ஊர். அழகைவிட வசதி அதிகம். பிளாக்கா கடலோரத்தில் இல்லை, குன்றின் மேல் இருக்கும் தலைமை ஊர். ஆனாலும் அங்குள்ள பழைய கோட்டை மேட்டில் ஏறினால் நடுக்குடா முழுவதும் கண்முன் விரியும் என்பதால், முதல் நாள் மாலையிலேயே அங்கு சென்று தீவின் அமைப்பை மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது.

சரக்கினிக்கோ உண்மையிலேயே நிலவைப் போல இருக்குமா?

வெண்மையும் வழவழப்பும் நிழல் குறைவும் சேர்ந்து அப்படி ஓர் ஒப்புமையைப் பலருக்கும் தந்திருக்கின்றன. கடலடியில் படிந்த எரிமலைச் சாம்பலும் நுரைக்கல்லும் இறுகி, பின் மேலெழுந்து, காற்றாலும் அலையாலும் தேய்ந்து உருவான பாறை அது. சரசேன் கடற்கொள்ளையரை நினைவூட்டும் பெயர். மணற்கரை என்று எதிர்பார்த்துச் செல்ல வேண்டாம். பாறைகளுக்கிடையே நுழையும் ஒடுங்கிய கடல்வாயின் முடிவில் சிறிதளவு மணல் மட்டுமே உண்டு. மற்றபடி பாறையில் நடப்பதும், அமர்வதும், நீரில் இறங்குவதுமே.

நடுப்பகலில் வெண்பாறை வெயிலைத் திருப்பி அடிக்கும். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் தண்ணீரும் இல்லாமல் செல்லக் கூடாது. காலை 8 மணிக்கு முன் சென்றால் கூட்டமும் வெயிலும் இல்லாமல் பார்க்கலாம். பாறையிலிருந்து குதிப்பவர்களைக் கண்டு நீங்களும் குதிக்க வேண்டாம். ஆழம் இடத்துக்கு இடம் மாறும். வடகாற்று நாளில் அந்தக் கடல்வாய்க்குள் அலை நெருக்கிக்கொண்டு நுழையும். அன்று கரையில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மென்மையான பாறை என்பதால் பெயர் பொறிப்பது எளிது, அதனாலேயே சிலர் பொறித்தும் வைத்திருக்கிறார்கள். வேதனையான காட்சி அது.

கிளெஃப்திக்கோவுக்குச் சாலை உண்டா?

இல்லை. தென்மேற்கு மூலையில் இருக்கும் அந்த வெண்பாறைக் குகைகளுக்கும் வளைவுகளுக்கும் கடல்வழியே செல்ல வேண்டும், அல்லது கடினமான மலைப்பாதையில் நடக்க வேண்டும். முற்காலத்தில் கடற்கொள்ளையர் ஒளிந்திருந்த இடம் என்பதால் வந்த பெயர். அடமாஸிலிருந்து புறப்படும் படகுகள் வழியில் மேற்கூரை இடிந்து வானம் தெரியும் சிக்கியா குகையையும் காட்டும். காற்று பலமாக வீசினால் படகுக்காரர் பயணத்தை வேறு நாளுக்கு மாற்றுவார். ஆகவே தங்கும் நாட்களின் தொடக்கத்திலேயே படகுக்குப் பதிவு செய்யுங்கள். கடைசி நாளுக்கு விட்டுவைத்தால், பயணம் ரத்தானபின் மாற்றிக்கொள்ள நாள் இருக்காது.

சிகிராதோ கடற்கரைக்கு ஏணியில் இறங்க வேண்டுமாமே, பாதுகாப்பானதா?

பாறைப் பிளவு ஒன்றின் வழியே, கயிற்றைப் பிடித்துக்கொண்டு மர ஏணியில் இறங்க வேண்டும். உடல்வலுவும் இரு கைகளும் தேவை. குழந்தையைத் தூக்கிக்கொண்டோ பையைக் கையில் பிடித்துக்கொண்டோ இறங்க முடியாது. தயக்கம் இருப்பவர்கள் வருந்தத் தேவையில்லை. பக்கத்திலேயே இருக்கும் ஃபிரிபிளாக்காவில் செம்மையும் மஞ்சளும் வெண்மையும் கலந்த உயர்ந்த பாறைச் சுவரின் கீழ், அகன்ற மணற்கரையும் சரிவு குறைந்த நீரும் உள்ளன. பாறைச் சுவரை ஒட்டி மட்டும் படுக்க வேண்டாம், கற்கள் உதிரக்கூடும். வடகரையிலுள்ள பாபாஃபிராகாஸ் என்னும் ஒடுங்கிய கடல்வாயையும் பாறை இடியும் அபாயத்தால் மேலிருந்து பார்ப்பதே சரி.

தென்கிழக்கிலுள்ள பலியோஹோரியில் மணலுக்கு அடியில் எரிமலை வெப்பம் இன்னும் உண்டு. கரையிலுள்ள ஓர் உணவகத்தில் இறைச்சியையும் மீனையும் அந்தச் சூட்டு மணலில் புதைத்தே வேகவைக்கிறார்கள். கிழக்குக் கரையின் தியோரிகியாவில் கைவிடப்பட்ட கந்தகச் சுரங்கக் கட்டடங்களும் துருவேறிய வண்டிகளும் கடற்கரையிலேயே நிற்கின்றன. சுரங்கத் தொழிலாளரின் கடும் உழைப்பு கண்ணுக்குத் தெரியும் இடம் அது. கட்டடங்களுக்குள் நுழையாமல் வெளியிலிருந்தே பாருங்கள்.

வாகனம் இல்லாமல் சுற்ற முடியுமா?

கோடையில் அடமாஸிலிருந்து பிளாக்கா, பொல்லோனியா, சரக்கினிக்கோ, பலியோஹோரி, ப்ரொவாத்தாஸ் ஆகிய இடங்களுக்குப் பேருந்து உண்டு. கிளிமாவுக்குத் திரிபித்தியில் இறங்கி நடக்கலாம். திரும்பி ஏறும் செங்குத்தை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். காற்றுக்கேற்பக் கரை மாற்றும் சுதந்திரத்துக்குச் சொந்தமாக ஒரு வாடகை வாகனம் இருப்பது பெரிய உதவி. இந்திய ஓட்டுநர் உரிமம் உள்ளவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் பத்திரத்தையும் எடுத்துச் செல்ல வேண்டும். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஏ.டி.வி. எனப்படும் திறந்த நான்கு சக்கர மோட்டார் வண்டிகள் ஓட்ட எளிதாகத் தெரிந்தாலும், சரளைச் சாலையில் கவிழக்கூடியவை. தீவின் மேற்குப் பாதி பெரும்பாலும் மண்சாலை. அங்கே நேரும் சேதத்துக்குக் காப்பீடு பொருந்தாது என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். மிலோஸ் விரியன் என்ற அரிய நச்சுப்பாம்பும் அப்பகுதியில் வாழ்கிறது. இந்தத் தீவிலும் அருகிலுள்ள சில தீவுகளிலும் மட்டுமே காணப்படும் அது, அழியும் நிலையில் இருப்பதால் சட்டத்தால் காக்கப்படுகிறது. கோடையில் இரவில்தான் அதிகம் நடமாடும் என்பதால், இருட்டிய பின் மண்சாலையில் மெதுவாகச் செல்லுங்கள்.

சைவ உணவு கிடைக்குமா?

தாராளமாகக் கிடைக்கும். கிரேக்க மரபுவழித் திருச்சபையின் நோன்பு நாட்கள் ஆண்டில் பல. அந்நாட்களுக்கென இறைச்சியும் பாலும் சேராத சமையல் மரபே அங்கு உண்டு. ‘நிஸ்திசிமோ’ என்று கேட்டால் நோன்பு உணவு என்று புரிந்துகொள்வார்கள். சிப்பி, இறால், கணவாய் நோன்பில் அனுமதிக்கப்பட்டவை என்பதால் அவை வேண்டாம் என்பதைத் தனியே சொல்லிவிட வேண்டும். மஞ்சள் பட்டாணிப் பருப்பை மசித்துச் செய்யும் ஃபாவா, சோறு அடைத்த தக்காளியும் குடமிளகாயும், வேகவைத்த கீரை, தக்காளியும் வெங்காயமும் பரப்பிச் சுட்ட லாதேனியா ரொட்டி ஆகியவை நிறைவானவை. உள்ளூர்ப் பாலாடைக்கட்டி வைத்துப் பொரித்த பிதராக்கியாவையும், தர்பூசணியில் செய்யும் இனிப்புப் பணியாரமான கர்ப்பூசோபித்தாவையும் தவறவிடாதீர்கள். குடிநீரைப் புட்டியில் வாங்க வேண்டியிருக்கும்.

கடற்கரையைத் தவிர வரலாற்றுச் சின்னங்கள் எவை?

கிளிமாவுக்கு மேலேயே பண்டைய மேலோஸ் நகரம் இருந்தது. கடலைப் பார்த்தபடி அமைந்த சலவைக்கல் அரங்கமும், ஆதி கிறித்தவர்களின் நிலவறைக் கல்லறைகளும் ஒரு காலைப் பொழுதில் நடந்தே பார்க்கக்கூடியவை. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள வீனஸ் சிலை 1820-இல் இந்த அரங்கத்துக்கு அருகே ஓர் உழவரின் நிலத்தில் கிடைத்தது. பிளாக்கா அருங்காட்சியகத்தில் இருப்பது அதன் நகல். கி.மு. 416-இல் நடுநிலை காக்க விரும்பிய இந்நகரை ஏதென்ஸ் முற்றுகையிட்டு, ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றதைப் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதிவைத்திருக்கிறார். பொல்லோனியா செல்லும் வழியிலுள்ள பிலாகோபி அதனினும் பழையது, வெண்கலக் கால ஊர். மிலோஸின் எரிமலைக் கண்ணாடி 10,000 ஆண்டுகளுக்கும் முன்பே கிரேக்கப் பெருநிலத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்தக் காலத்திலேயே இக்கடலில் படகோட்டியவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அதுவே சான்று.

பக்கத்துத் தீவுக்கு ஒரு நாள் போய்வரலாமா?

போய்வரலாம். பொல்லோனியாவிலிருந்து சுமார் அரை மணி நேரப் படகில் கிமொலோஸ் வந்துவிடும். மிலோஸைவிட அமைதியான தீவு. கூப்பா என்ற இடத்தில் படகுக்கொட்டில்களும், யானை நீர் அருந்துவது போன்ற ஒரு பாறையும் உண்டு. அருகிலுள்ள பொலியேகோஸில் யாரும் குடியிருக்கவில்லை. அதன் பெயருக்கே பல ஆடுகள் என்றுதான் பொருள். அரிய மத்தியதரைக் கடல்நாய்கள் அதன் குகைகளில் குட்டி ஈனுவதால், படகில் சென்றாலும் குகைகளுக்குள் நுழைய வேண்டாம்.

விசா எப்படி?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்கு முன்பாவது விண்ணப்பித்தாக வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் அவசியம்.

எத்தனை நாட்கள் ஒதுக்க வேண்டும்? திரும்பும்போது கவனிக்க வேண்டியது என்ன?

நான்கு இரவுகள் போதும், ஐந்து இருந்தால் நிறைவு. கூடுதல் நாள் காற்றுக்காக. பலத்த காற்று வீசும் நாட்களில் துறைமுக அதிகாரிகள் கப்பல்களைப் புறப்பட விடமாட்டார்கள். சிறிய விரைவுக் கப்பல்களே முதலில் நிறுத்தப்படும். ஆகையால் தீவிலிருந்து கிளம்பும் அதே நாளில் ஏதென்ஸிலிருந்து தாயகத்துக்கு விமானம் வைத்துக்கொள்ளாதீர்கள். கடைசி இரவை ஏதென்ஸிலோ பிரேயஸிலோ கழிக்கும்படி திட்டமிடுங்கள். கப்பல் ஒரு நாள் தாமதமானாலும் விமானம் தவறாது.